கடற்கரை ஊரிலிருந்து டிரிஃப்ட் வண்டி: எதை வாங்குவது, எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது

வளைகுடாவிலிருந்து 40 நாள் விடுப்பில் வந்திருந்த என் அக்காள் மகன், கீழக்கரையில் ஒரு வீட்டு முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நெடுங்காலமாக நின்றிருந்த கான்டெஸா காரைப் பார்த்துவிட்டு வந்து, “மாமா, இதை டிரிஃப்ட் வண்டியாக மாற்றிவிடலாமா?” என்று கேட்டான். டிரிஃப்ட் என்பது பின்சக்கரங்களை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, வண்டியைப் பக்கவாட்டாக வளைவில் ஓட்டும் விளையாட்டு. வளைகுடாவில் பயிற்சித் தடத்தில் இரண்டொரு முறை அப்படி ஓட்டிப் பழகியவன். ஊரில் தனக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்பது அவனுடைய ஆசை. கேள்வி எளியதுதான், ஆனால் விடை சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. எந்த வண்டியை வாங்குவது, எந்த என்ஜினை வைத்துக்கொள்வது, பின் அச்சில் என்ன செய்வது, பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் எந்த அளவுக்கு மாற்றுவது என்று நான்கு தனித்தனி முடிவுகள் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தன. அவனுக்காகப் போட்ட கணக்கையே, இராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டு சொந்தக் காசில் இந்த விளையாட்டைத் தொடங்க நினைக்கும் பிறருக்கும் பயன்படும் என்று இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடிக்குப் போகும் சாலையைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரு கணம் அந்த எண்ணம் வரும். இருபுறமும் கடல், நேரான தார்ச்சாலை, அரிச்சல்முனையில் திரும்புவதற்கு வட்டம். அது பொதுச்சாலை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு அனுமதியற்ற வேகப் போட்டிகளைக் குற்றமாக வைத்திருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். ஆபத்தாக ஓட்டுவதற்கான 184ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. வாலிநோக்கம் பக்கத்து உப்பளத் தரைகளும் தேவிபட்டினம் கரையோர மணல்வெளிகளும் சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் பயன்படாதவை. மணலில் பின்சக்கரம் சறுக்குவது தானாக நடப்பது, தார்த்தரையில் சறுக்கவைப்பது ஓட்டுநர் செய்வது. இரண்டுக்கும் கால் பழகும் முறையே வேறு. ஆகவே நமக்கு உண்மையில் இருப்பவை கோவை செட்டிப்பாளையத்தில் 2003இல் தொடங்கப்பட்ட காரி மோட்டார் ஸ்பீட்வேயும், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கும் சென்னைப் பந்தயத் தடமும் போன்ற தடங்கள்தான். முதலாவது இராமநாதபுரத்திலிருந்து ஏறத்தாழ 330 கிலோமீட்டர். இரண்டாவது 500 கிலோமீட்டருக்கு மேல். தடத்தில் பயிற்சிக்கோ நிகழ்ச்சிக்கோ போகும் நாளில் தலைக்கவசமும் பெல்ட்டும் மட்டும் போதாது, எஃப்.எம்.எஸ்.சி.ஐ. எனப்படும் தேசிய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் உரிமமும் எந்த நிகழ்ச்சிக்குத் தேவை என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு தூரம் என்பதால், உடைந்தால் அங்கேயே சரிசெய்யக்கூடிய வண்டிதான் வேண்டும் என்பது முதல் நிபந்தனையாகிவிடுகிறது.

இனி வண்டிக்கு வருவோம். மஸ்ல் கார் என்ற சொல் அமெரிக்காவில் 1960களில் எழுந்தது. 1964இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. போல, நடுத்தர அளவுள்ள உடலில் பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜினைப் பொருத்தி, பின்சக்கரங்களை ஒரே திண்ணிய அச்சில் ஓட்டும் வண்டிகளுக்கு அந்தப் பெயர். அவற்றை இங்கே கொண்டுவருவது நம் கணக்கில் சேராது. பழைய கார்களை இறக்குமதி செய்வதற்கான விதி பொதுவாக மூன்று ஆண்டுக்கு மேற்பட்டவற்றை அனுமதிப்பதில்லை, வரியோ வண்டி விலையை விழுங்கிவிடும். ஆனால் அங்குள்ள எளிய ஓட்டுநர்கள் பழைய வண்டியை டிரிஃப்ட்டுக்குத் தயார்செய்யும்போது கற்ற ஒரு பாடம் நமக்கு நேராகப் பொருந்துகிறது. ஃபோர்டு மஸ்டாங்கின் முதல் தலைமுறையில் பின் அச்சு பட்டை ஸ்பிரிங்கின் மேல் இருந்தது. 1979இல் வந்த ஃபாக்ஸ் தலைமுறையில் அதே திண்ணிய அச்சை நான்கு கைகளும் (அச்சை உடலோடு இணைக்கும் தண்டுகள்) காயில் ஸ்பிரிங்கும் தாங்கின. பட்டை ஸ்பிரிங் முறுக்குவிசையில் வளைந்து நெளிந்து அச்சையே துள்ள வைக்கும். கைகள் தாங்கும் அச்சு அந்த அளவுக்குத் துள்ளாது. டிரிஃப்ட் கலை பரவுவதற்குக் காரணமான ஜப்பானிய வண்டி, 1983 முதல் 1987 வரை வந்த டொயோட்டா ஏ.இ.86, அதுவும் திண்ணிய பின் அச்சும் காயில் ஸ்பிரிங்கும் கொண்டதுதான். 1587 சி.சி. என்ஜின், ஏறத்தாழ 130 குதிரைத்திறன், 940 கிலோ எடை. இந்த மூன்று எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் நம் ஊர் வண்டிகளை எடைபோட ஓர் அளவுகோல் கிடைக்கிறது: ஒரு டன்னுக்கு 138 குதிரைத்திறன்.

நம் கைக்கு எட்டும் பின்சக்கர இயக்க வண்டிகளை வரிசைப்படுத்தினால் முதலில் நிற்பது இந்துஸ்தான் கான்டெஸா. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டர் உடலை எடுத்து உத்தரபாராவில் 1984 முதல் 2002 வரை தயாரிக்கப்பட்டது. தொடக்கத்தில் அம்பாசிடரின் 1489 சி.சி. என்ஜின் இருந்தது, அதைக்கொண்டு இந்த உடலை நகர்த்துவதே பெரும்பாடு. பின்னர் வந்த கிளாசிக் வகையில் 1817 சி.சி. இசுசு பெட்ரோல் என்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தன, 88 குதிரைத்திறன். எடை ஏறத்தாழ 1,200 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு டன்னுக்கு 73. முன்புறம் இரட்டைக் கைகள், பின்புறம் திண்ணிய அச்சு, காயில் ஸ்பிரிங். கட்டமைப்பில் ஏ.இ.86க்கு நெருங்கிய உறவு, வலிமையில் அதன் பாதி.

அடுத்தது பிரீமியர் 118என்.இ. ஃபியட் 124இன் உடல், 1171 சி.சி. நிசான் என்ஜின், 52 குதிரைத்திறன். எடை குறைவு, ஆனால் இந்த வலிமைக்கு உலர்ந்த தரையில் பின்சக்கரத்தை நழுவவைப்பதே அரிது. நனைந்த தரையில் கற்றுக்கொள்ள நல்ல வண்டி, அதற்குமேல் போக முடியாது. அம்பாசிடரின் 1.8 வகையில் கான்டெஸாவின் இசுசு என்ஜினே இருக்கிறது, ஊருக்கு ஊர் ஸ்பேர் கிடைக்கிறது. ஆனால் பின்னால் பட்டை ஸ்பிரிங், உயரமான உடல், நான் மேலே சொன்ன துள்ளல். ரோவர் எஸ்.டி.1 உடலோடு சென்னையில் 1980களின் நடுவில் சிறிது காலம் தயாரான ஸ்டாண்டர்டு 2000 அழகான வண்டி, ஆனால் அதன் கதவுக் கண்ணாடி ஒன்று உடைந்தால் வண்டி ஓராண்டு நிற்கும்.

இவற்றுக்கு எதிராக நிற்கும் வலுவான மாற்று, மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ124. புனேயில் 1995 முதல் தயாரான இந்த வரிசையின் இ220 பெட்ரோல் வகை 150 குதிரைத்திறன் தருவது, எடை ஏறத்தாழ 1,400 கிலோ. ஒரு டன்னுக்கு 107. பின்புறம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஐந்து கைகள் கொண்ட தனித்தனித் தாங்கல். கடைந்தெடுத்த இரும்பு என்று சொல்வார்களே, அப்படிப்பட்ட உடல். வலிமையையும் உறுதியையும் மட்டும் பார்த்தால் கான்டெஸாவை விட இதுவே மேல் என்று தயங்காமல் சொல்வேன். குறைகள் மூன்று. ஸ்டியரிங், உள்ளே உருண்டைகள் சுழலும் பால் வகைப் பெட்டி. நடுவில் சற்று மந்தமாக இருக்கும், சறுக்கும் வண்டியை விரைந்து எதிர்த்துத் திருப்பக் கைக்கு வேலை அதிகம். பார்க்கிங் பிரேக் காலால் மிதிப்பது. ஆகையால் கைப்பிரேக்கைக் கொண்டு சறுக்கலைத் தொடங்கும் பாடத்தைக் கற்க, அதைப் புதிதாகக் கட்டியே ஆக வேண்டும். மூன்றாவது, பின்கைகளின் ரப்பர் புஷ்களும் பால் ஜாயின்ட்டுகளும் எண்ணிக்கையில் அதிகம், ஒரு பருவம் சறுக்கினால் ஒரு தொகுதி மாற்ற வேண்டும், அவை இராமநாதபுரத்தில் எந்தக் கடையிலும் அலமாரியில் இருப்பதில்லை.

மருமகனிடம் இதுவரை சொன்னபோது அவன் பென்ஸ் பக்கம் சாய்ந்துவிட்டான். அவனைத் திருப்பியது வலிமைக் கணக்கு அல்ல, துரு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊரில் வண்டித் தேர்வு என்பது முக்கால்வாசி உடல் தேர்வுதான்.

பாம்பன், மண்டபம் பகுதி உலோகத்துக்கு எவ்வளவு பொல்லாதது என்பதற்குத் தனிச் சான்று தேவையில்லை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் தன் அரிப்புச் சோதனை நிலையத்தை மண்டபத்தில் வைத்திருப்பதே போதும். கச்சான் காற்றுக் காலத்தில் மணலும் உப்பும் சேர்ந்து வண்டியின் அடிப்பகுதியை உரசுகின்றன. வாடைக் காலத்தில் அந்த உப்பின் மேல் ஈரம் தங்குகிறது. நாள்தோறும் ஓடி, நாள்தோறும் கழுவப்படும் வண்டி இதைத் தாக்குப்பிடிக்கும். தார்ப்பாய்க்கு அடியில் நின்ற வண்டி தாக்குப்பிடிக்காது. காற்று புகாமல் ஈரத்தைத் தேக்கிவைப்பதில் தார்ப்பாயை மிஞ்சிய கேடு இல்லை. கான்டெஸாவுக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். பின் அச்சின் கைகள் உடலோடு சேரும் தாங்கிகள், அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் தண்டின் மேல்முனை, முன்புறக் குறுக்கு உறுப்பு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி ஆகிய நான்கும் ஆரோக்கியமாக இருந்தால்தான் மற்றதைப் பேசலாம். சாதாரண ஓட்டத்தில் அந்தத் தாங்கிகளுக்கு வரும் சுமை சிறியது. சறுக்கிய பின்சக்கரம் திடீரென்று பிடிப்பைத் திரும்பப் பெறும் கணத்தில் வரும் உதை, அரித்த தகட்டைக் காகிதம்போல் கிழித்துவிடும்.

கீழக்கரை வண்டியை நானும், அங்கே பட்டறை வைத்திருக்கும் நாற்பதாண்டு அனுபவமுள்ள காக்கா (கீழக்கரையில் அண்ணனை அழைக்கும் சொல்) ஒருவரும் சேர்ந்து பார்த்தோம். வெளியே பளபளப்பு, கதவுகள் கச்சிதம். காக்கா சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்துக் கதவுக்குக் கீழே ஒட்டவைத்தார்; அது ஒட்டாமல் கீழே விழுந்தது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பட்டி. “தம்பி, இது காரு இல்ல, பட்டி பூசுன கூடு” என்றார். அதன் பிறகு திருப்புளியால் தட்டிப் பார்த்தபோது இடப்பக்கத் தாங்கி ஒன்றின் அருகே முனை உள்ளே போயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் இதே தவற்றை நான் ஒரு ஃபியட்டில் செய்து, டிங்கரிங் வேலைக்கே வண்டி விலையைப் போல இருமடங்கு செலவழித்தவன் என்பதால், அவ்விடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன்: கீழக்கரை வண்டியை உடலுக்காக வாங்கக் கூடாது. ஆனால் அதன் என்ஜின் சுழல்கிறது, கியர்பெட்டியும் பின் அச்சும் முழுமையாக இருக்கின்றன, கண்ணாடிகள் எல்லாம் அசல். ஸ்பேர் கிடைக்காத வண்டிக்கு இரண்டாவது வண்டியே ஸ்பேர் கடை. உடல் கோவை, சேலம், திண்டுக்கல் என்று கடலுக்குத் தொலைவான ஊரிலிருந்து வர வேண்டும். உறுப்புகள் கீழக்கரையிலிருந்து வரலாம்.

இந்தக் கணக்கில் பென்ஸும் தப்பவில்லை. டபிள்யூ124இன் முன்புறம் ஜாக்கி வைக்கும் இடங்களும் பின் ஸ்பிரிங் அமரும் இடங்களும் துருவுக்குப் பேர்போனவை. மதுரையில் பார்த்த ஒன்றில் அவை நன்றாகவே இருந்தன என்பதால் அதை விலக்கிவிடவில்லை. அதற்குப் பின்னர் வருகிறேன்.

என்ஜின் விஷயத்தில் மூன்று வழிகள் உண்டு. கான்டெஸா பிரியர்களிடையே பெரிய கனவு டொயோட்டாவின் 1ஜே.இசட். இரண்டரை லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ என்ஜின். அசல் நிலையிலேயே 280 குதிரைத்திறன். மருமகனின் கைப்பேசியில் அந்தப் படங்கள்தான் நிறைய இருந்தன. என் தரப்பு இது: 88க்காகச் செய்த பின் அச்சு 280ஐத் தாங்காது; அச்சை மாற்றினால் தாங்கிகளை மாற்ற வேண்டும்; கியர்பெட்டி, நடு ஷாஃப்ட், ரேடியேட்டர், முன் பிரேக், பெட்ரோல் பம்ப், மின்னிணைப்பு என்று ஒன்று மற்றொன்றை இழுக்கும்; இரும்புக் கட்டையுள்ள நீண்ட என்ஜின் முன்புற எடையைக் கூட்டுவதால் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும். முடிவில் மிஞ்சுவது கான்டெஸாவின் கூரையும் பெயரும்தான். இதற்குமேல், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி என்ஜின் மாற்றத்துக்குப் பதிவு அலுவலகத்தின் அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும். தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து விலகும் மாற்றங்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறது. தடத்துக்கு மட்டும் லாரியில் ஏற்றிப் போகும் வண்டிக்கு இந்தச் சிக்கல் குறைவு, ஆனால் சாலையில் ஒரு கிலோமீட்டர் ஓட்ட நினைத்தாலும் முழுச் சிக்கலும் திரும்ப வந்துவிடும்.

இரண்டாவது வழி, அதிகம் பேசப்படாதது. இன்னோவாவின் பழைய பெட்ரோல் வகையில் வந்த 1998 சி.சி. 1டி.ஆர். என்ஜின் பின்சக்கர இயக்கத்துக்காக நீளவாக்கில் பொருத்தப்பட்டது, அதற்கேற்ற ஐந்து கியர் பெட்டியோடு வருவது, 130 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். கான்டெஸாவின் எடையோடு இது ஒரு டன்னுக்கு 110ஐ நெருங்குகிறது, அதாவது பென்ஸுக்குச் சமம். பெட்ரோல் ஊசிவழி செலுத்தப்படுவதால், நெடுநேரம் பக்கவாட்டில் சறுக்கும்போது கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்கி என்ஜின் இருமும் தொல்லையும் இல்லை. எண்ணெய்த் தொட்டி குறுக்கு உறுப்பில் இடிக்கிறதா, பானெட் மூடுகிறதா, நடு ஷாஃப்டின் நீளம் எவ்வளவு குறைய வேண்டும் என்ற மூன்று அளவுகளையும் வாங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். சட்டச் சிக்கல் இதற்கும் அதேதான்.

மூன்றாவது வழி, இருக்கும் இசுசுவையே பிரித்து, ரிங்கும் பேரிங்கும் மாற்றி, தலைப்பகுதியைத் தளம் பார்த்து, கார்பரேட்டரைச் சுத்தம் செய்து ஓட்டுவது. வலிமை குறைவு என்பது உண்மை. ஆனால் புதிதாகப் பழகுபவருக்கு வலிமைக் குறைவு ஒரு குறையே அல்ல என்பது என் கருத்து. 88 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு சறுக்கலைத் தொடங்க வேண்டுமென்றால், எடையை ஒருபுறத்திலிருந்து மறுபுறத்துக்கு மாற்றவும், கிளட்சை உதைக்கவும், கைப்பிரேக்கைச் சரியான நொடியில் இழுக்கவும் கற்றே தீர வேண்டும். 280 உள்ள வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தாலே பின்புறம் திரும்பிவிடும், ஓட்டுநர் எதையும் கற்றிருக்க மாட்டார். முதல் பருவத்துக்கு இசுசு, அது போதவில்லை என்று கையும் காலும் சொன்னால் பிறகு இன்னோவா என்ஜின் என்பதே என் தேர்வு. டீசல் கான்டெஸா மலிவாகக் கிடைக்கும். அதன் சுழற்சி எல்லை தாழ்ந்தது, சக்கரம் வேகமெடுப்பதற்குள் கியர் முடிந்துவிடும், விட்டுவிடுங்கள்.

பின் அச்சைப் பற்றிய முடிவே இந்த முழுத் திட்டத்திலும் குறைந்த காசில் பெரிய மாற்றம் தருவது. அசல் டிஃபரென்ஷியல் வளைவில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுகிறது. சறுக்கத் தொடங்கியதும் எடை குறைந்த உட்பக்கச் சக்கரம் மட்டும் வெறுமனே சுழன்று புகை விடும், வெளிப்பக்கச் சக்கரம் வண்டியைத் தள்ளாது. இரண்டும் ஒன்றாகச் சுழல வேண்டும். இரு சக்கரங்களின் வேக வேறுபாட்டை ஓர் அளவுக்கு மேல் விடாத, பந்தயக்காரர்கள் பயன்படுத்தும் கட்டுப்பாட்டு டிஃபரென்ஷியலைப் பென்ஸுக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். கான்டெஸாவுக்குக் கடையில் கேட்டு வாங்கும் நிலை இல்லை. ஆகவே டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் ஸ்பைடர் கியர்கள் என்ற சிறு பற்சக்கரங்களை வெல்டிங் செய்து இறுக்குவதா, அவற்றை நீக்கிவிட்டு லேத்தில் கடைந்த ஒரே உருளையைப் பொருத்துவதா என்பதுதான் கேள்வி.

வெல்டிங் ஒரு பிற்பகலில் முடியும் வேலை, அதனாலேயே பலரும் அவசரமாகச் செய்து கெடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கியர்களின் எஃகு கடினப்படுத்தப்பட்டது. குளிர்ந்த நிலையில் மின்வில் வைத்துப் பற்றவைத்தால் பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், மூன்றாவது பயிற்சி நாளில் ஒரு துண்டு உடைந்து கிரவுன், பினியன் என்னும் பெரிய பற்சக்கரங்களுக்கு நடுவே விழும், அதன் பிறகு அச்சு முழுதும் போயிற்று. எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் கழுவி, அடுப்பிலோ கேஸ் சுடரிலோ சூடேற்றி, ஹைட்ரஜன் குறைந்த 7018 வகைக் கம்பியை உலர்த்தி எடுத்துப் பற்றவைத்து, உலர்ந்த சாம்பலிலோ மணலிலோ புதைத்து இரவு முழுதும் மெல்ல ஆறவிட வேண்டும். நம் ஊர் விசைப்படகுப் பட்டறைகளில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பற்றவைக்கும் கைகளுக்கு இந்தப் பொறுமை உண்டு. கார் பட்டறையைவிட மண்டபத்தில் படகு வேலை செய்பவரிடம் கொண்டுபோவதே நல்லது என்பது என் அனுபவம். லேத்தில் கடைந்த உருளை கூடுதல் செலவு, கூடுதல் நாள்கள், ஆனால் உடையும் பற்றவைப்பு அதில் இல்லை. உபரியாக ஒரு பின் அச்சு கையில் இருப்பவர் வெல்டிங்கையும், ஒன்றே ஒன்று வைத்திருப்பவர் உருளையையும் எடுப்பது நியாயம். எங்களிடம் கீழக்கரை அச்சு உபரியாக இருக்கும் என்பதால் வெல்டிங். எதுவானாலும், இறுக்கிய அச்சோடு தெருவில் ஓட்டினால் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தேயும், அச்சுத் தண்டு முறுக்கேறும். ஆகையால் வண்டியைத் தடத்துக்கு ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

கைப்பிரேக்கை ஹைட்ராலிக்காக மாற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தனி மாஸ்டர் சிலிண்டர் ஒன்றைப் பின் பிரேக் குழாயில் இணைத்து, நெம்புகோலை இழுத்தால் பின்சக்கரங்கள் உடனே பூட்டும். பென்ஸுக்கு இது கட்டாயம். கான்டெஸாவுக்குக் கட்டாயம் இல்லை. புதிய கேபிள், புதிய ஷூ, தளம் பார்த்த டிரம், நீளம் கூட்டிய நெம்புகோல் இவையே முதல் பருவத்துக்குப் போதும். பிரேக் குழாயைக் கைவைக்கும் வேலை தவறினால் பிரேக்கே போகலாம் என்பதால், குழாய் முனை மடிக்கும் கருவியும் அதில் பழகிய கையும் இல்லாதவர் அதைத் தொடாமல் இருப்பது நலம். எப்படியும் துருப்பிடித்த இரும்புக் குழாய்களை முழுதாக மாற்றத்தான் போகிறோம், அப்போது செம்பு-நிக்கல் குழாய் போட்டுவிட்டால் உப்புக்காற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஸ்டியரிங்கில் இணையத்தில் காணும் படங்களைப் பார்த்துவிட்டு முன்சக்கரக் கைகளை அறுத்து ஒட்டவைப்பது எனக்குச் சம்மதமில்லை. வார்ப்பு அல்லது அடித்து உருவாக்கிய உறுப்பை ஊரில் பற்றவைத்து, அதை நம்பி எதிர்த்திருப்பத்தில் வண்டியை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. ஸ்டியரிங் ராக்கின் (ஸ்டியரிங் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக்கும் பல் தண்டு) முனைக்கும், சக்கரத்தைத் திருப்பும் உள் டை ராடுக்கும் நடுவே தடித்த வளையம் வைத்தால் திரும்பும் கோணம் சில பாகை கூடும். டயர் உடலில் உரசாமலும், ராக்கின் பற்கள் எல்லையைத் தாண்டாமலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முன் கைகளில் கேஸ்டர் கோணத்தை (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) கூட்டினால் சறுக்கும்போது ஸ்டியரிங் தானாகவே எதிர்த்திசைக்குச் சுழல உதவும். இதைச் சீரமைப்புக் கடையில் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும், அவர்கள் வழக்கமாகச் சாலை ஓட்டத்துக்கான அளவையே வைப்பார்கள்.

வெப்பத்தைப் பற்றி ஒரு சொல். டிரிஃப்ட்டில் என்ஜின் உச்சச் சுழற்சியில் இருக்கும், வண்டியோ 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டாகப் போகும். ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடைக்காது. மின்விசிறி ஒன்று கூடுதலாக வேண்டும். அலுமினிய ரேடியேட்டர் இலேசு, நன்றாகக் குளிர்விக்கும். ஆனால் பழைய செம்பு ரேடியேட்டர் ஒழுகினால் இராமநாதபுரத்திலேயே ஈயம் பூசி அடைப்பார்கள், அலுமினியத்துக்கு மதுரைக்குப் போக வேண்டும். செம்பையே தடிமன் கூட்டிச் செய்துகொள்வது எங்கள் முடிவு. எந்த ரேடியேட்டரானாலும் வீட்டு ஆழ்குழாய் நீரை அதில் ஊற்றக் கூடாது. நம் கரையில் அது உவர்நீர், ஆறே மாதத்தில் நீர்வழிகளை அடைத்து அரித்துவிடும். கூலன்ட்டும் வாலை வடித்த நீரும் மட்டும். என்ஜின் எண்ணெய்த் தொட்டிக்குள் ஒரு தடுப்புத் தகட்டைப் பற்றவைத்தால், சறுக்கும்போது எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சுவதைத் தடுக்கலாம். பேரிங்கைக் காக்க இதைவிட மலிவான வழி இல்லை.

டயரில் குழப்பமே இல்லை. முன்னால் நல்ல புதிய ரேடியல், பின்னால் இன்னும் பட்டன் உள்ள பழைய ரேடியல், காற்று சற்றுக் கூடுதலாக. ரீட்ரெட் டயரைப் பின்னால் போடக் கூடாது. சூடேறினால் ஒட்டிய தோல் முழுதாகக் கழன்று பின் சக்கரக் கூண்டைக் கிழிக்கும்.

இனி மருமகனுக்குச் சொன்ன விடைக்கு வருகிறேன். ஓராண்டுக்கு மேல் ஊரில் இருந்து, பட்டறையில் நின்று வேலையைப் பார்க்கும் ஒருவருக்கு, உள்நாட்டு ஊரிலிருந்து துருவற்ற கான்டெஸா 1.8 உடல், கீழக்கரை வண்டியின் உறுப்புகள், அசல் இசுசு, வெல்டிங் செய்த அச்சு, கேபிள் கைப்பிரேக் என்பதே சரியான தேர்வு. உடைவது எதுவானாலும் இங்கேயே செய்துகொள்ள முடியும், கற்பதற்கும் அதுவே நல்ல வாத்தியார். ஆனால் அவன் ஆண்டுக்கு 40 நாள் வருபவன். அந்த நாள்களில் கான்டெஸாவின் வேலை நான்கு விடுப்புகளைத் தின்றுவிடும், அதற்குள் முதல் விடுப்பில் பூசிய துருத்தடுப்பு கடைசி விடுப்பில் உரிந்திருக்கும். அவனுக்கு மட்டும் மதுரையில் பார்த்த பென்ஸ் இ220ஐ, ஜாக்கி இடங்களை மறுமுறை தட்டிப் பார்த்து, ஹைட்ராலிக் கைப்பிரேக்கும் மேலே சொன்ன அதே முறையில் வெல்டிங் செய்த டிஃபரென்ஷியலும் மட்டும் போட்டு, கோவையிலேயே யாரேனும் நண்பரின் கொட்டகையில் நிறுத்திவைக்கச் சொன்னேன். இராமநாதபுரத்துக்கு அது வரவே வேண்டாம். கீழக்கரை கான்டெஸாவை அவன் முன்பணம் கொடுத்து நிறுத்திவைத்திருந்தான். அதை நான் எடுத்துக்கொண்டேன், வரும் தை மாதத்துக்குப் பின், அதற்கு உடல் தேடித் திண்டுக்கல் பக்கம் போகவிருக்கிறேன்.